குட்டையின் இடது பக்கம்

3 மார்ச், செவ்வாய்

காலையில் சார் கூப்பிட்டார். புது மாடிக்குப் போகும்போது இந்த நீள மேசை வேண்டாம், ஆளுக்கொரு கியூபிக்கிள் போட்டுவிடலாம் என்றார். புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாதாம். மூடிப்போன ஆபீஸ்களிலிருந்து எடுத்து, துணி மாற்றி, பெயின்ட் அடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், விசாரியுங்கள் என்றார். "நம்ம ஆபீஸ்ல எல்லாமே நீங்கதானே!" எல்லாமே என்றால் பேனா, டோனர், பாத்ரூம் சோப்பு, எறும்பு மருந்து. இப்போது கியூபிக்கிளும்.

இதை என் தோழி குட்டையிடம் சொல்ல ஓடினேன். என் நாற்காலியில் புதுசு உட்கார்ந்திருந்தாள்.

என் நாற்காலி. வேலைக்குச் சேர்ந்து முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை. "ஒரு நிமிஷம்க்கா" என்றாள். அந்த ஒரு நிமிஷம் பதினேழு நிமிஷம் ஓடியது. நான் டோனர் மாற்றுகிற சாக்கில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

5 மார்ச், வியாழன்

மறுபடியும் என் நாற்காலி. இன்றைக்கு இருபத்தைந்து நிமிஷம்.

எழுதி வைத்தாலாவது ஆறுகிறதா பார்க்கலாம். பதினோரு வருஷமாக அந்த மேசையில் குட்டைக்கு இடது பக்கம் நான். ஐந்தடி பத்து அங்குலம் வளர்ந்தவளுக்குக் குட்டை என்று பேர் வைத்ததே நான்தான். நான் ஐந்தடி, அதுவும் செருப்போடு. கப்பல் சரக்குக்குக் காகிதம் தயாரித்துக் கொடுக்கிற ஆபீஸ் எங்களுடையது. வாடிக்கையாளர் போனெல்லாம் குட்டைக்குத்தான் வரும். இடது காதில் ரிசீவரை வைத்து "சொல்லுங்க" என்றாளானால், எகிறிக்கொண்டு வருகிற ஆளும் கடைசியில் "சரிம்மா" என்று வைத்துவிடுவான். வலது காதில் ரிசீவரை வைக்கவே மாட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அந்தக் காது அடியோடு போய்விட்டது. இது அவள் அம்மாவுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும், அப்புறம் எனக்கு. உலகத்திலேயே மூன்று பேர்.

எனக்கே ஆறு வருஷம் கழித்துத்தான் சொன்னாள். ஒரு நாள் படிக்கட்டில் வலது பக்கமாக வந்து மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பாமல் போய்விட்டாள். திமிர் பிடித்தவள் என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் என்னைப் பாத்ரூமுக்கு இழுத்துப்போய், குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதடி. போன்லருந்து என்னை எடுத்துட்டாங்கன்னா நான் அவ்ளோதான்." சத்தியம் எல்லாம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த இடத்தில் ஒருத்தி வந்து ஜம்மென்று உட்கார்ந்தால் வயிறு எரியுமா, எரியாதா?

7 மார்ச், சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "நம்ம கல்யாணத்துக்கு என் பழைய கிளாஸ்மேட் பொண்ணுங்க ஏழு பேர் வந்தாங்க. அன்னிக்குக்கூட நீ இவ்ளோ எரிஞ்சதில்ல," என்றார்.

அது வேறு, இது வேறு. இவருக்கு எங்கே புரியப்போகிறது.

9 மார்ச், திங்கள்

பழைய கியூபிக்கிள் விற்கிற கிடங்குக்குக் குட்டையும் வருவதாகப் பேச்சு. கிளம்பும்போது, "நீ போயிட்டு வாடி, இவளுக்கு சரக்குப் பட்டியல் போடச் சொல்லிக் குடுத்திட்டிருக்கேன்," என்றாள். இவளாம். அவள் என்றுகூட இல்லை, இவள்!

தனியாகப் போனேன். கிடங்கு நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆள் உயரத் தடுப்புகளைப் புத்தகங்கள் மாதிரி சாய்த்து அடுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் பழைய துணியை உரிக்கிறார்கள், இன்னொரு பக்கம் புதுத் துணியை இழுத்துப் பிடித்துப் பின் அடிக்கிறார்கள். இரண்டு பெண்கள் மேசைப் பலகையின் ஓரத்துக்குப் பட்டை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உரித்துப் போட்ட துணியில் குண்டூசி ஓட்டைகள். ஒன்றில் காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பச்சையாக இருந்தது.

கிடங்குக்காரர் கியூபிக்கிளைப் பற்றிப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற மாதிரியே பேசினார். "இது நல்ல இடத்துலருந்து வந்ததுங்க. பேங்க். ஒன்பது வருஷம், ஒரு கீறல் கிடையாது. அந்தப் பக்கம் இருக்கிறது விளம்பரக் கம்பெனி. அது வேணாம், காபி கொட்டிக் கொட்டியே வீணாக்கிட்டாங்க."

பேங்கில் இருந்து வந்ததில் ஒரு டிராயரை இழுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பால்பாயின்ட் பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்: "இவளுக்கெல்லாம் ஒரு பிரமோஷன்."

"பக்கத்து சீட்டைப் பத்தி எழுதியிருப்பாங்க. துடைச்சுக் குடுத்துடறோம்," என்றார்.

துடைக்க வேண்டாம், அந்த டிராயரை எனக்குப் போடுங்கள் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

11 மார்ச், புதன்

தடுப்பில் இரண்டு உயரம் உண்டு. நாற்பத்திரண்டு அங்குலம் தாழ்வு. உட்கார்ந்தபடியே பக்கத்து ஆளின் முகம் தெரியும், பேசலாம், பேனா கடன் கேட்கலாம். அதன்மேல் இன்னொரு துண்டை மாட்டினால் அறுபத்தாறு அங்குலம். மேசையில் இருப்பவருக்கு வானம்கூடத் தெரியாது. துணிக்குள் பஞ்சு இருப்பதால் பேச்சும் அமுங்கிப்போகும்.

எங்கள் வரிசையில் மூன்று கியூபிக்கிள். நடுவில் குட்டை. அவளுக்கு இடது பக்கம் நான், அந்த நல்ல காது பக்கம், எங்களுக்கு நடுவே தாழ்வு. வலது பக்கம் புதுசு, கேட்காத காது பக்கம், நடுவே அறுபத்தாறு அங்குலம்.

சாரிடம் காட்டினேன். "எதுக்கு ஒரு பக்கம் மட்டும் இவ்ளோ உயரம்?" என்றார். பிரின்டர் சத்தம் வரும் சார் என்றேன். என் வாயிலிருந்து எவ்வளவு சுத்தமாகப் பொய் வருகிறது! சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

குட்டைக்கு நல்லதுதானே. அந்தக் கேட்காத காதுப் பக்கம் ஒரு சுவர் இருந்தால் யாரும் அங்கிருந்து கூப்பிட மாட்டார்கள். அவளுக்காகத்தான் செய்கிறேன்.

ரொம்பத்தான் அவளுக்காக.

14 மார்ச், சனி

இறுதி அளவு கொடுத்துவிட்டு வந்தேன். கிடங்குக்காரர் சாம்பிள் மேசையில் தானே உட்கார்ந்து காட்டினார். நான் எதிரில் நின்று, நடுக் கியூபிக்கிளுக்கு இந்தப் பக்கம் தாழ்வு, அந்தப் பக்கம் உயரம் என்று கையை நீட்டிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. குட்டையும் புதுசும் கன்னத்தோடு கன்னம். கீழே "சனிக்கிழமை வேலையும் ஜாலிதான்!" என்று போட்டிருந்தது.

பதினோரு வருஷத்தில் குட்டை என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டது இரண்டு தடவை. அதில் ஒன்று தீயணைப்புப் பயிற்சியின்போது.

போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ வாசித்தார். தலையாட்டினேன். தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

20 மார்ச், வெள்ளி

புதுசு தலைமுடியைக் குட்டை மாதிரியே வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நன்றாக வேறு இருக்கிறது, பாவி.

30 மார்ச், திங்கள்

என்னத்தைச் சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கு ஆட்கள் வந்து எல்லாம் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் முதல் ஆளாக வந்தேன். சாம்பல் நிறத் துணி, புதுப் பட்டை, ஒவ்வொரு மேசையிலும் நான் எழுதிக் கொடுத்த பேர்ச் சீட்டு. என் இடத்தில் உட்கார்ந்தேன். வலது பக்கம் திரும்பினால் குட்டையின் மேசை தெரிய வேண்டும்.

துணிதான் தெரிந்தது. அறுபத்தாறு அங்குலம்.

எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்தேன். தாழ்வான தடுப்பு குட்டைக்கும் புதுசுக்கும் நடுவில். ரெண்டு மேசையும் ஒட்டிப் பிறந்ததுகள் மாதிரி. புதுசுக்கு என்று நான் பார்த்துப் பார்த்துச் சொன்ன சுவர் எனக்கு முளைத்திருக்கிறது!

கிடங்குக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். மனிதர் அசரவே இல்லை. "நான் உக்காந்திருந்தேன், நீங்க எதிர்ல நின்னீங்க. இந்தப் பக்கம் தாழ்வுன்னு இடது கையை நீட்டினீங்க. உக்காந்திருக்கிறவங்களுக்கு அது வலதுங்க. எங்க தொழில்ல உக்கார்றவங்க பக்கம்தான் கணக்கு. வாசிச்சும் காட்டினேனே, உம் உம்னு தலையாட்டினீங்களே. தாள்ல உங்க கையெழுத்து இருக்கு."

இருக்கிறது. நடுக் கியூபிக்கிள், வலது தாழ்வு, இடது உயரம். கீழே என் கையெழுத்து, அழகாக, கோடு போட்டு.

குட்டை ஒன்பது மணிக்கு வந்தாள். சுவருக்கு மேலே அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. "சூப்பரா இருக்குடி! ஆனா உன் பக்கம் ஏன்டி இப்படிக் கோட்டை கட்டிட்டாங்க?"

பிரின்டர் சத்தம் என்றேன்.

31 மார்ச், செவ்வாய்

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. புதுசோடு இடம் மாற்றிக்கொண்டால் குட்டையின் முகம் தெரியும், ஆனால் கேட்காத காது பக்கம். இங்கேயே இருந்தால் நல்ல காது பக்கம், ஆனால் நடுவில் பஞ்சுச் சுவர். காதா, கண்ணா? இந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டால் புதுசு குட்டையின் இடது பக்கம் வந்துவிடுவாள். செத்தாலும் மாட்டேன்.

இன்னொன்று. அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுச் சத்தமே வருவதில்லை. திடீரென்று குட்டையின் சிரிப்பு மட்டும் வருகிறது. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள்? பேசாமல் எப்படிச் சிரிப்பார்கள்?

2 ஏப்ரல், வியாழன்

பார்த்துவிட்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: சுழல் நாற்காலியில் ஏறி நின்று பார்த்தேன். புதுசு தடுப்பின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுகிறாள். நிதானமாக, வாயை அகலத் திறந்து. குட்டை அதைப் பார்த்துப் படித்துப் பதில் சொல்கிறாள்.

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்ல ஆறு வருஷம், இந்தச் சிறுக்கிக்கு மூன்று மாதம்!

நாற்காலி சுழன்றது. விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து சார் கதவைத் திறந்தார். "என்ன பண்றீங்க?" ஒட்டடை சார் என்றேன். மாட்டி ஒரு வாரம்கூட ஆகாத தடுப்பில் ஒட்டடை.

மத்தியானம் குட்டையைப் படிக்கட்டில் பிடித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். எல்லாத்தையும் அவகிட்டக் கொட்டியாச்சா, நான் எதுக்கு இனிமே?

"நான் சொல்லலடி," என்றாள். "அவளே கண்டுபிடிச்சா. சேர்ந்து ரெண்டாவது நாள். அவங்க அம்மாவுக்கு ரெண்டு காதும் கேக்காதாம். நான் திரும்புறதைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டா. அன்னிலருந்து இடது பக்கம் வந்துதான் பேசுவா, நீ கவனிக்கலயா?"

கவனித்தேனே. என் நாற்காலியில் உட்கார்கிறாள் என்று கவனித்தேனே.

இரண்டாவது நாள். ஆறு வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. தெரியாததோடு போகாமல் திமிர் பிடித்தவள் என்று ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தானாகக் கண்டுபிடித்தாள் என்பதுதான் தாங்கவில்லை.

3 ஏப்ரல், வெள்ளி

என் நாக்கில் சனி.

தடுப்பை மாற்ற வேண்டுமானால் வரிசையையே கழற்ற வேண்டும், உயரத் தடுப்புக்குள் மின்கம்பி போகிறது, ஒரு நாள் ஆபீஸை மூட வேண்டும் என்று கிடங்குக்காரர் சொல்லிவிட்டார். அதற்கு சார் சம்மதம் வேண்டும். போனேன்.

"நல்லாத்தானே இருக்கு? அதுக்காக ஒரு நாள் மூட முடியுமா?" என்றார். ஏதேதோ சொன்னேன். வெளிச்சம் சார். காற்று சார். எதற்கும் மசியவில்லை. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் புதுசு வாயை அகலத் திறந்து ஏதோ சொல்கிறாள், குட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"அவளுக்கு வலது காது கேக்காது சார். இடது பக்கம் சுவர் இருக்கக் கூடாது."

சொன்னபிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

சார் பேனாவை மூடி வைத்தார். "இத்தனை வருஷமா அவங்களையா போன்ல உக்கார வச்சிருக்கோம்?" என்றார்.

6 ஏப்ரல், திங்கள்

போன் இன்றிலிருந்து புதுசுக்கு. குட்டை பழைய கோப்புகளுக்கு. "அவங்க நல்லதுக்குத்தான்," என்று சார் எல்லோர் எதிரிலும் சொன்னார். குட்டையின் முகத்தில் ஈயாடவில்லை. தன் போனின் வயரைத் தானே பிடுங்கி, சுற்றி, புதுசின் மேசையில் வைத்தாள்.

அப்புறம் சுவரைச் சுற்றி என்னிடம் வந்தாள். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"சார்கிட்ட சொன்னது நீங்கதானாமே," என்றாள். "ரொம்ப தேங்க்ஸுங்க."

நீங்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. வாடி, போடி, எருமை, சனியனே, இதையெல்லாம் விட்டு நீங்கள். வாசலில் பார்சல் கொண்டுவருகிறவரிடம் பேசுகிற அதே குரல்.

7 ஏப்ரல், செவ்வாய்

"அந்த சாவி உங்ககிட்ட இருக்குங்களா?" இன்றைக்கு அவள் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

9 ஏப்ரல், வியாழன்

புதுசு என் கியூபிக்கிளுக்கு வந்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று தயாராக இருந்தேன். திட்டினால் நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு நப்பாசைகூட.

"அக்கா, எனக்குப் போன் வேணாம்னு சார்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு அந்த ஆளுங்ககிட்டப் பேச வரலக்கா. அந்த அக்கா மாதிரி யாராலயும் பேச முடியாது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சார் கேப்பார். உங்க பேச்சைத்தான் அவர் கேக்குறார்."

நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே! கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சௌகரியம். போன் அவளுக்குக் கிடைத்தது, அதை வேண்டாம் என்கிறாள். நானாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா?

மாட்டேன். இதைப் பொய் சொல்லாமல் எழுதிவிட வேண்டும்.

வீட்டுக்காரரிடம் முழுசாகச் சொன்னேன். இந்தத் தடவை பேப்பரை மடித்து வைத்தார். "அவங்க உன்னை நம்பி சொன்னது. நீ போய் எடுத்து விட்டுட்டே," என்றார்.

10 ஏப்ரல், வெள்ளி

புகார்க் கோப்பை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். அதை வைத்துக் காப்பாற்றுவதும் நான்தான். பதினோரு வருஷத்து வாடிக்கையாளர் புகார்கள். குட்டையின் பேரில் ஒன்றுகூட இல்லை. சாரின் பேரில் இரண்டு. ஒன்று, போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே குறட்டை விட்டாராம்.

"இது எப்ப?" என்றார், கோபமாக.

"காது கேக்காம ஒரு கன்டெய்னர் நம்பர் மாறிப்போச்சுன்னா என்ன பண்றது?" என்று உடனே பேச்சை மாற்றினார்.

"மாறல சார். ஒரு காதுதான்னு அவளுக்குத் தெரியும். அதனால ஒவ்வொரு நம்பரையும் ரெண்டு தடவை திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிக்குவா. நமக்கு ரெண்டு காது இருக்கு, நாம ஒரு தடவைகூடச் சொல்றதில்ல."

கோப்பைப் புரட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும் என்று தோன்றியது. மீதியையும் சொன்னேன்.

"அந்த உயரத் தடுப்பு பிரின்டர் சத்தத்துக்காக இல்ல சார். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது எனக்குப் பிடிக்கல. பிரிக்கணும்னு போடச் சொன்னேன். அது மாறி என் தலையிலேயே விழுந்துடுச்சு. அந்த ஆத்திரத்துலதான் அவ காது விஷயத்தை உங்ககிட்ட உளறிட்டேன். தப்பு முழுசா என்னோடது."

நாற்பத்தொரு வயதில் இதை ஒரு ஆம்பளையிடம், அதுவும் முதலாளியிடம், நின்றுகொண்டு சொல்வது எவ்வளவு கேவலம் தெரியுமா? காது மடல் வரைக்கும் சூடு. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாம ஆபீஸ்தானே நடத்துறோம்? எல்.கே.ஜி. இல்லியே?"

இல்லை சார் என்றேன்.

"போனைத் திருப்பிக் குடுத்துடுங்க. அந்தத் தடுப்பையும் ஏதாவது பண்ணித் தொலைங்க. ஆனா ஆபீஸை மூட மாட்டேன்."

13 ஏப்ரல், திங்கள்

போன் திரும்பிவிட்டது. புதுசு வயரை மாட்டிக்கொடுத்தாள். முதல் அழைப்பே எகிறல் ஆசாமி. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அமுங்கிய குரலில், "சொல்லுங்க" என்று கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. போனேன். "ஏதாவது வேணுங்களா?" என்றாள்.

ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

18 ஏப்ரல், சனி

கிடங்குக்காரர் வந்தார். வரிசையைக் கழற்றாமல் மேல் துண்டை மட்டும் எடுத்துவிடலாம், கம்பி கீழ்த் துண்டோடு போகிறது என்று இப்போது சொல்கிறார். முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால்! "நீங்க இடம் மாத்தணும்னு கேட்டீங்க. எடுக்கணும்னு கேக்கலியே," என்றார். உண்மைதான். எனக்கு அப்போது சுவர் வேண்டாம் என்று தோன்றவில்லை. புதுசு பக்கம் போனால் போதும் என்றுதான் தோன்றியது.

நான்கு திருகாணி. இருபது நிமிஷம். மேல் துண்டை இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். துணிக்கு அந்தப் பக்கம் குட்டை இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

முகம் தெரிகிறது. நல்ல காதும் இந்தப் பக்கம்தான். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பேசத்தான் ஆள் இல்லை.

22 ஏப்ரல், புதன்

இன்றைக்கு ஏழு "ங்க". எண்ணிக்கொண்டிருக்கிறேன், வேறு வேலை இல்லாதவள் மாதிரி.

குட்டையும் புதுசும் அந்தப் பக்கம் உதட்டால் பேசிச் சிரிக்கிறார்கள். இன்னும் எரிகிறது. எரியவில்லை என்று எழுதினால் இந்த நோட்டே சிரிக்கும். ஆனால் முன்பு புதுசு மேல் எரிந்தது. இப்போது யார் மேல் என்று பிடிபடவில்லை.

24 ஏப்ரல், வெள்ளி

புதுசிடம் போய், உதட்டால் எப்படிப் பேசுவது என்று கேட்டேன். கேட்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவளுக்கோ வாயெல்லாம் பல். "சத்தம் வேணாம்க்கா. அவசரம் வேணாம். வெளிச்சம் உங்க முகத்துல படணும். அவ்ளோதான்."

பாத்ரூம் கண்ணாடி முன் நின்று பழகினேன். ஒரே ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உள்ள யார்கூடப் பேசிட்டிருக்கே?" என்றார்.

28 ஏப்ரல், செவ்வாய்

மத்தியானம் குட்டை போனில் காத்திருந்தாள். துறைமுகத்தில் யாரையோ கூப்பிடப் போயிருக்கிறார்கள் போல, ரிசீவர் இடது காதில், விரல் மேசையில் தாளம். அந்த நேரத்தில் அவளிடம் வாயால் எதைச் சொன்னாலும் கேட்காது. ஆபீஸில் வேறு யாருக்கும் கேட்கவும் கூடாது. இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று தோன்றியது.

தடுப்பைத் தட்டினேன். திரும்பினாள். என்னங்க என்கிற அந்தப் பார்வை.

மேசை விளக்கை என் முகத்துக்குத் திருப்பிக்கொண்டேன். சத்தம் வராமல், வாயை நன்றாக அசைத்து, பழகின மாதிரியே சொன்னேன்: மன்னிச்சுடு.

புருவத்தைச் சுருக்கினாள். புரியவில்லை. அவசரப்படக் கூடாது என்று, முதல் பாதியை மட்டும் இன்னும் நிதானமாக, இன்னும் அகலமாகச் சொன்னேன். மன். னி.

அவள் முகம் மாறியது. ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினாள்.

"யாரைப் பாத்துடி பன்னிங்கிறே?"

மாடி முழுக்கக் கேட்டது. பிரின்டர் பக்கம் நின்றிருந்த நாலு பேர் திரும்பினார்கள். சார் கதவைத் திறந்து தலையை நீட்டினார். அப்புறம்தான் உறைத்தது, ம-வும் ப-வும் உதட்டில் பார்த்தால் ஒன்றேதான். பதறிப்போய் இல்லை இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

திறந்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். டி என்றாளே! இருபத்திரண்டு நாள் கழித்து! இப்போது போய் அதை விளக்கி, அவள் மறுபடியும் "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டால்?

"உன்னைத்தான்டி," என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.